மார்கழிக் குச்சியும் வேர்ப்பொடியும்

பெங்களூரில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் தமிழர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். இந்த முறை கேள்வியெல்லாம் துஜா, ஜூனிபர், கிறிஸ்துமஸ் மரம் என்று ஊசியிலைச் செடிகளைச் சுற்றியே வந்தது. பதில் சொன்னவர் நெடுங்காலம் நர்சரி நடத்திய பெரியவர்.

அல்சூர் அக்கா: ஏப்ரல்ல துஜாவில் இருபது குச்சி வெட்டி, வேர் வரவைக்கிற வேர்ப்பொடியில் தோய்ச்சுத்தான் நட்டேன். ஒரு மாசம் பச்சையா இருந்துட்டு எல்லாம் போச்சு. பொடி போலியாண்ணா?

பொடியைத் திட்டாதீங்கம்மா, மாசம்தான் தப்பு. அது ஒரு மாசம் பச்சையா இருந்ததையும் நம்பாதீங்க. ஊசியிலைக் குச்சி செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாவே நிக்கும். ஏப்ரல்ல நம்ம ஊர் வெயில் 34 டிகிரியைத் தொடுது. செடி தளிர் விடுற நேரம், சேர்த்து வச்ச மாவுச்சத்தெல்லாம் நுனிக்கு ஓடுது. வெட்டின குச்சியோ தண்ணி உறிஞ்ச வேர் இல்லாம, இளந்தளிர் வழியா உள்ள ஈரத்தையும் விட்டுடும்.

குளிர் நாடுகள்ல ஜூனிபரை இலையுதிர் காலக் கடைசியிலிருந்து குளிர்காலம் முடியறதுக்குள்ள வெட்டுவாங்க, பெரும்பாலும் சில உறைபனி பட்ட பிறகு. நமக்கு உறைபனி ஏது? மார்கழி, தை ராத்திரியில 15, 16 டிகிரி வருதே, அதுதான் நம்ம குளிர். நான் எப்பவும் மார்கழி பிறந்த பிறகுதான் கத்தரியை எடுப்பேன். குச்சியின் அடி பச்சை மாறிப் பழுப்பு ஏறியிருக்கணும். கிளையிலிருந்து கீழ்ப்பக்கமா இழுத்து, அடியில் தாய்க்கட்டையின் சிறு நாக்கோட வந்தா இன்னும் நல்லது.

ஜீவன்பீமா நகர் மாணவர்: சார், அந்தப் பொடியில் இருக்கிற ஹார்மோன் உள்ளே போய் என்ன செய்யுது?

நுனி மொட்டிலும் இளம் இலையிலும் ஆக்சின்ங்கிற ஹார்மோன் உண்டாகி, தண்டு வழியா கீழே இறங்கும். வெட்டின இடத்தில் மேற்கொண்டு போக வழியில்லாம தேங்கும். அங்கே பட்டைக்கு உள்பக்கம் இருக்கிற வளரும் படலமான காம்பியத்தை ஒட்டின செல்கள் பிரிஞ்சு வேர் முளையாகும். செடியோட ஆக்சின் சீக்கிரம் சிதைஞ்சுடும். கடைப் பொடியில் இருக்கிற ஐபிஏங்கிற ஆக்சின் வகை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். 1935லேயே இதைக் குச்சிகள்ல சோதிச்சுட்டாங்க.

டப்பாவில் பிபிஎம் அளவைப் பாருங்க, அதாவது பத்து லட்சம் பங்கில் ஐபிஏ எத்தனை பங்குன்னு. இளந்தண்டுக்கு 1000 போதும். ஜூனிபர் மாதிரி முரட்டு ஆளுக்கு 3000லிருந்து 8000 வரை போவாங்க. திரவமா வேணும்னா, ஐபிஏ தண்ணியில் சரியா கரையாது, ஆல்கஹாலில் கரைக்கணும். அஞ்சு விநாடி முக்கி எடுத்தா போதும். கூடிப்போனா அடி கருகி அழுகிடும். இன்னொண்ணு, செடியை நீட்ட ஜிப்ரலின்ங்கிற ஹார்மோன் தெளிச்சிருந்தா அதிலிருந்து குச்சி எடுக்காதீங்க. அது வேருக்கு எதிரி.

சிவாஜிநகர் பாட்டி: பொடிக்குப் பதிலா இளநீர்லயோ தேன்லயோ முக்கலாமாப்பா?

இளநீரை நீங்க குடிச்சிடுங்கம்மா. அதில் சைட்டோகைனின்ங்கிற ஹார்மோன் இருக்கு, தளிரைத் தூண்டும், வேரைத் தடுக்கப் பார்க்கும். தேனில் வேர் வரவைக்கிற ஹார்மோன் இல்லை.

ராமமூர்த்தி நகர் தம்பி: லால்பாக்ல நிக்கிற மாதிரி அராக்கேரியா, அதான் நம்ம கிறிஸ்துமஸ் மரம், வேணும்ணா. பக்கக் கிளை வெட்டி வச்சா வருமா?

வேர் வரும், மரம் வராது! பக்கக் கிளையில் எடுத்த அராக்கேரியா வருஷக்கணக்கா பக்கவாட்டிலேயே படரும். தான் கிளைங்கிறதை அது மறக்காது. நானும் ஆரம்பத்தில் ஆறேழு தொட்டி அப்படிச் செஞ்சு, குச்சி நட்டு கயிறு கட்டி நிமிர்த்திப் பார்த்தேன். கயிறை அவிழ்த்ததும் புது வளர்ச்சி மறுபடி சாய்ஞ்சே போச்சு. அதனால உச்சிக் குருத்தைத்தான் வெட்டணும். வெட்டின தாய்க்கட்டையிலிருந்து நேரா எழும்புற புதுக் குருத்துகளையும் பின்னால எடுத்துக்கலாம்.

அல்சூர் அக்கா (மறுபடி): பைனுக்கும் இதே கதைதானா?

பைனுக்கு விதை போடுங்க. வளர்ந்த பைன் மரத்துக் குச்சியில் வேர் பார்க்கிறது ரொம்பக் கஷ்டம். எந்த ஊசியிலைச் செடியானாலும் இளம் தாய்ச்செடியில் எடுங்க.

ஃப்ரேசர் டவுன் சார்: ஜூனிபர் வச்சு மூணு மாசம். பிடுங்கிப் பார்த்தா அடியில் வெள்ளை உருண்டைதான்.

அது கேலஸ், காயம் ஆறின திசு. வேர் இல்லை. ஜூனிபர் சிலசமயம் பட்டாணி அளவுக்கு உருட்டிக்கிட்டு வேரே விடாம உக்காந்திருக்கும். பிளேடால மேலாகச் சீவி, பொடி தொட்டு, கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டும் (பொரிஞ்ச வெள்ளைக் கல்) பாதிப்பாதி கலந்ததில் மறுபடி நடுங்க. தொட்டி அடி 20 டிகிரி சுமாருக்கு இதமா இருக்கட்டும், சிமெண்ட் தரையில் வைக்காதீங்க. இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க சார். தயவுசெஞ்சு பிடுங்கிப் பார்க்காதீங்க. லேசா இழுத்தா தடுக்குதான்னு மட்டும் பாருங்க.