கரு இதயம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பாதீர்கள். நான் மீன் கருவில் செல்களைப் பார்ப்பவன், மருத்துவன் அல்லன்.

கே: இதயம் எந்த நாளில் துடிக்கத் தொடங்கும்?
மனிதக் கருவில், கருத்தரித்து ஏறக்குறைய 22ஆம் நாள். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் சுமார் 5 வாரம். இரண்டு கணக்கையும் குழப்பாதீர்கள்.

கே: முதலில் வெறும் குழல்தான் என்கிறார்களே, அதற்கும் முன்னால்?
இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு செல்கூட்டங்கள். இரண்டும் நடுவுக்கு நகர்ந்து சேர்ந்தால்தான் குழல். சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரிக்குதிரை மீனில் 'மைல்ஸ் அப்பார்ட்' என்ற மரபணுப் பிறழ்வு இருக்கிறது. அந்தக் கருவில் இரண்டு இதயங்கள் தனித்தனியே துடிக்கும். பழுது இதயச் செல்களில் இல்லை, பக்கத்துத் திசுவில். இதயச் செல்களுக்கு நகரத் தெரியும், வழிதான் அமையவில்லை.

கே: என்ன சுற்றி வளைத்தாலும் ரத்த ஓட்டம்தானே இதயத்தைச் செதுக்குகிறது?
பாதி சரி. மீன் கருவின் இதயக்குழலை வெட்டியெடுத்து வளர்ப்பு ஊடகத்தில் போட்டால், ஒரு சொட்டு ரத்தம் ஓடாமலே அது வளைகிறது; நேர்க்குழல் இதய வடிவம் பெறுவதற்கான வளைவு அது.

கே: துடித்தது எப்போது?
22. மேலே இருக்கிறது.

கே: (ரத்த ஓட்டக்காரர் மீண்டும்) வளைவது சரி, அறை உப்புவது?
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கீழறையின் வெளிவளைவில் உள்ள செல்கள் பெரிதாகி நீள்வதால்தான் அறை உப்புகிறது. மேலறை சுருங்காத மீனில் ரத்த ஓட்டம் குறைகிறது, அந்தச் செல்கள் சிறுத்தே நின்றுவிடுகின்றன. இது உங்கள் பக்கம். ஆனால் கீழறையே சுருங்காத இன்னொரு வகை மீனில் அதே செல்கள் அளவுமீறிப் பெரிதாகின்றன. ஓட்டம் பெரிதாக்குகிறது, செல்லின் சொந்தச் சுருக்கம் கட்டுப்படுத்துகிறது. ஒரே செல்லின்மேல் இரண்டு விசைகளும்.

கே: அப்படியென்றால் ஜீன் சும்மாவா?
இன்னொருவரும் வந்துவிட்டார்! கீழறைச் சுவரின் உட்புறத் தசை மேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். செல்கள் பெருகி நெரிசலாகின்றன. அதிக இழுவிசையுள்ள செல் வரிசையை விட்டு உள்ளே இறங்குகிறது. மேடு அங்கிருந்து எழுகிறது. 2020இல் வெளியான ஆய்வில், ரத்த ஓட்டமோ தேவையான ஜீன் சமிக்ஞையோ இல்லாத மீன்களில் சில செல்களின் சுருங்குவிசையை மட்டும் கூட்டினார்கள். அவை இறங்கின. ஆகவே ஜீனும் ஓட்டமும் தேவை, ஆனால் இரண்டின் வேலையும் இந்த இழுவிசை வழியாகத்தான் செல்லுக்குப் போய்ச் சேர்கிறது என்பது என் வாசிப்பு. மீனில் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றாதீர்கள்.

கே: வால்வு எப்படி உருவாகிறது?
இதயத்தின் உட்புறத்தை மூடியிருக்கும் உட்படலச் செல்கள் சில பிடி தளர்ந்து, அந்தப் படலத்துக்கும் தசை அடுக்குக்கும் இடையிலுள்ள இதயக் கூழுக்குள் நகர்கின்றன. அங்கே மெத்தைபோல் ஒரு திசு திரண்டு, பிறகு மெலிந்து இதழாகிறது.

கே: என் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை, எதனால்?
குழந்தைகள் இதய மருத்துவரைப் பாருங்கள். இங்கிருந்து யார் காரணம் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட.

கே: பெருநாடியும் நுரையீரல் தமனியும் பிரிவது?
நரம்பு முகட்டுச் செல்கள் இல்லாமல் நடக்காது. நரம்புக்குழாயின் (பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகும் குழாய்) முதுகுப்புறத்திலிருந்து கிளம்பி இதயம்வரை வருகிற செல்கள் இவை. கோழிக் கருவில் அவற்றை நீக்கினால் இரண்டும் பிரியாமல் ஒரே குழாயாக நின்றுவிடுகின்றன.

கே: ஆறாவது வாரத்தில் துடிப்பு கேட்கவில்லை…
உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முதல் வரியைப் படியுங்கள்.