காரைப் பொட்டலில் ஓடை வழியே குடும்பத்தோடு படமெடுத்தல்: கேள்வி பதில்

பெரம்பலூர் மாவட்டம் காரைக் கிராமத்தை ஒட்டிய பொட்டல் நிலத்தில், ஓடைத் தடம் பற்றி நடந்து நில வடிவங்களைப் படமெடுப்பது குறித்து நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். பல ஆண்டுகளாக மனைவி மக்களோடும் என் தாயாரோடும் அங்கே போய் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

கேள்வி: எந்த மாதத்தில் போவது நல்லது? வழி எப்படி?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை, மாசி மாதங்களில் போங்கள். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் பிரிந்து ஊட்டத்தூர் வழியாகச் செல்லலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம்; அந்தக் களிமண் செருப்பை விடாது, வண்டிச் சக்கரத்தையும் விடாது.

கேள்வி: நாங்கள் போனபோது ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வறண்ட ஓடையில் படமெடுக்க என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தண்ணீர் போன பிறகுதான் அது செய்த வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. முதலில் தடத்தில் கிடக்கும் தட்டையான கூழாங்கற்களைக் குனிந்து பாருங்கள்: வெள்ளம் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து, கூரை ஓடு வேய்ந்ததுபோல அடுக்கியிருக்கும். அவற்றின் சரிவு நீர் வந்த மேல்திசையை நோக்கியே இருப்பதால், ஓடை எந்தப் பக்கம் ஓடியது என்பதைச் சொட்டு நீர் இல்லாமலே குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்து வளைவுக்கு வாருங்கள். வெளிவளைவில் நீர் வேகமாக மோதிக் கரையைச் செங்குத்தாக அறுத்திருக்கும். உள்வளைவில் வேகம் தணிந்து மணலை மெல்லப் படியவிட்டிருக்கும். இவ்விரண்டும் ஒரே படத்தில் அமையும்படி வளைவின் நடுவிலிருந்து எடுத்தால், ஓடை ஏன் நேராக ஓடுவதில்லை என்பதை அந்த ஒரு படமே சொல்லிவிடும்.

இனி நிமிர்ந்து சரிவுகளைப் பாருங்கள். செடி கொடிகள் பிடித்து நிறுத்தாத மென்மையான களிமண் என்பதால், ஒவ்வொரு மழையும் விரல் அகலத்தில் கீறல்களை இடுகிறது. கீறல்கள் சேர்ந்து வாய்க்காலாகின்றன. வாய்க்கால்கள் சேர்ந்து ஆள் உயரப் பள்ளங்களாகின்றன. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் இந்தக் களிமண்ணின் மேற்பரப்பு பொரியைக் கொட்டி வைத்ததுபோல வெடித்துக் கிடக்கும். அதை ஒரு முழத் தூரத்திலிருந்து எடுங்கள். அகன்ற காட்சிகளை மட்டும் எடுத்துத் திரும்புபவர்கள் அங்குள்ளவற்றில் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்றதும், எப்படித் தெரியும் என்று என் மகன் கேட்கிறான். என்ன சொல்வது?

அவனையே பார்க்கச் சொல்லுங்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா மற்ற தென்கண்ட நிலங்களிலிருந்து பிரிந்து விலகிய காலத்தில், கடல் இன்றைய கிழக்குக் கரையைத் தாண்டி உள்ளே ஏறி வந்தது. அதன் அடியில் படிந்த சேறுதான் இன்று நாம் நடக்கும் களிமண். கணவாய் மீனின் உறவான பெலம்நைட்டின் உள்ளோடு, துப்பாக்கிக் குண்டு வடிவில் இங்கே கிடக்கும். ஆட்டுக்கடாவின் கொம்புபோலச் சுருண்ட ஓடு கொண்ட அம்மோனைட் என்ற உயிரின் பதிவும் கிடைக்கும். இவை கடலில் அன்றி வேறெங்கும் வாழாதவை. புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் இப்பகுதிப் பாறைகளை வகைப்படுத்தியபோது, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே சூட்டினார். நீங்கள் கடந்து செல்லும் ஊட்டத்தூர் அந்த வகையில் உலகப் புவியியலாளர்கள் அறிந்த பெயர் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். நேரம் இருந்தால் சாத்தனூர்க் கல்மரத்தையும் காட்டிவிடுங்கள். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த அந்த அடிமரம் 18 மீட்டர் நீளம் கொண்டது. கடற்சேற்றில் புதைந்து கல்லானது.

கேள்வி: செல்பேசி மட்டுமே இருக்கிறது. படங்கள் தட்டையாகவும் மங்கலாகவும் வருகின்றன.

கருவியைக் குறை சொல்ல வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். உச்சி வெயிலில் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்திலும், மறையும் முன் ஒரு மணி நேரத்திலும், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று எடுத்தால் ஒவ்வொரு கீறலுக்கும் நிழல் கிடைத்து வடிவம் எழுந்து நிற்கும். வெளிர் நிற மண்ணைக் கண்டு கேமரா படத்தை இருட்டாக்கிவிடும் என்பதால், கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரைப்படியோ முக்கால் படியோ கூட்டிக்கொள்ளுங்கள். நெருக்கப் படங்களில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கும் அளவு தெரியும்.

கேள்வி: மண்ணில் கண்ணாடிச் சில்லுபோல மின்னுவது என்ன?

அது ஜிப்சம். நகத்தால் கீறினால் கோடு விழும், கண்ணாடியில் விழாது. சூரியனுக்கு எதிர்ப்புறம் நின்று, ஒளி அதனூடே வரும்படி எடுங்கள்.

கேள்வி: குழந்தைகள் நினைவாக ஒன்றிரண்டு புதைபடிவங்களை (கல்லாகிப்போன உயிர்களின் எச்சங்களை) எடுத்து வந்தால் தவறா?

தவறுதான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரு படிவம் எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது. வீட்டு அலமாரிக்கு வந்த கணமே அது வெறும் கல்லாகிவிடுகிறது. என் மகளுக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு பெலம்நைட்டைக் கையில் எடுத்துவிட்டுத் தர மறுத்து அழுதாள். நாணயம் வைத்து ஒரு படம், எழுந்து நின்று சுற்றுப்புறத்தோடு ஒரு படம், திசையும் நாளும் குறித்த ஒரு வரி என்று மூன்றையும் அவளையே செய்ய வைத்தேன். பிறகு அவளாகவே எடுத்த இடத்தில் வைத்தாள்.

கேள்வி: வயதான அம்மாவையும் ஐந்து வயதுப் பேரனையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஆனால் ஓடைத் தடத்தோடு நின்றுகொள்ளுங்கள். மேட்டு விளிம்புகளில் ஏற விடாதீர்கள். மேலே கெட்டியாகத் தெரியும் மண்ணுக்குக் கீழே மழைநீர் குடைந்த பொந்துகள் உண்டு. நிழல் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மூடிய காலணி வேண்டும். வானம் கறுத்தால் படம் பாதியில் நின்றாலும் உடனே தடத்தை விட்டு வெளியேறுங்கள்.

கேள்வி: ஒருமுறை பார்த்த இடத்துக்கு மறுபடி போக வீட்டில் தயங்குகிறார்கள். புதிதாக என்ன கிடைக்கும்?

ஒரே இடத்தில் நின்று ஆண்டுதோறும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தட்டைக்கல் ஒன்றைத் தலையில் தாங்கி இடுப்பளவு உயரத்தில் நின்ற மண் தூண் ஒன்றை நாங்கள் முதல் முறையே எடுத்திருந்தோம். கல் குடைபோல மறைத்ததால் அதன் கீழிருந்த மண் மட்டும் கரையாமல் தூணாக நின்றது. இரண்டாம் ஆண்டு தூண் மெலிந்திருந்தது. மூன்றாம் ஆண்டு கல் கீழே கிடந்தது. தூண் முழங்கால் அளவுக்குத் தேய்ந்திருந்தது. சென்ற தை மாதம் கல்லைத்தான் தேடிப் பிடித்தோம்; அதன் அடியில் விரல் உயரத்துக்குப் புதிய தூண் ஒன்று எழத் தொடங்கியிருந்தது. அம்மா அதன் அருகே அமர்ந்துகொண்டு, "இதையும் எடு" என்றார்.