வார்பிள் ஈ: மாடு முதல் மான் வரை – கேள்வி பதில்

கேள்வி: பஞ்சாபில் ஒரு மாட்டின் முதுகில், நடுவே துளையுள்ள பல புடைப்புகளைக் கண்டேன். வார்பிள் ஈ (மாட்டின் தோலடியில் புழுவாக வளரும் ஈ) அந்த இடத்தில்தான் முட்டையிட்டதா?

பதில்: இல்லை. கால்களிலும் அடிவயிற்றிலும் உள்ள மயிரில்தான் இந்த ஈ முட்டையிடும். ஒரு வாரத்துக்குள் பொரிக்கும் புழு தோலைத் துளைத்து உள்ளே சென்று, பல மாதங்கள் உடலுக்குள் பயணம் செய்கிறது. வட இந்தியாவில் காணப்படும் ஹைப்போடெர்மா லினியாட்டம் என்ற இனத்தின் புழுக்கள் உணவுக்குழாயின் சுவரிலும், குளிர் நாடுகளின் ஹைப்போடெர்மா போவிஸ் இனத்தின் புழுக்கள் முதுகுத்தண்டுக் குழலின் கொழுப்பிலும் தங்கி, பிறகே முதுகுத் தோலடிக்கு வந்து, மூச்சுவிடத் துளையிடுகின்றன. முற்றிய புழு அத்துளை வழியே வெளியேறி, மண்ணில் கூட்டுப்புழுவாகும். அதிலிருந்து வரும் ஈக்கு உண்ண வாயே கிடையாது; சில நாள்களே வாழும்.

கேள்வி: மருந்தை எப்போது கொடுக்க வேண்டும்?

பதில்: ஈக்கள் பறக்கும் பருவம் முடிந்தவுடன். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக்கொல்லி மருந்து மிகக் குறைந்த அளவிலேயே இளம்புழுக்களைக் கொன்றுவிடும். ஆனால், அவை உணவுக்குழாயில் தங்கியிருக்கும்போது கொன்றால் அங்கே வீக்கம் ஏற்பட்டு மாடு விழுங்க முடியாமல் வயிறு உப்பிவிடும், முதுகுத்தண்டருகே கொன்றால் பின்னங்கால்கள் செயலிழக்கக்கூடும். கறவை மாடு என்றால், மருந்து பாலில் தங்கும் என்பதால், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பிதுக்கி எடுக்கலாமா?

பதில்: முழுப் புழுவாக எளிதில் வந்தால் எடுக்கலாம். தோலுக்குள் நசுங்கினால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம் என்பதால், நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: எங்கள் ஊர் (தஞ்சாவூர்) மாட்டுப் புண்ணில் நெளியும் புழு இதுதானா?

பதில்: அல்ல. அது திறந்த புண்ணில் முட்டையிடும் வேறு ஈக்களின் புழு. அதற்குப் புண்ணைச் சுத்தம் செய்து மருந்திடுவதே சிகிச்சை.

கேள்வி: நார்வேயின் வடக்கே வசிக்கிறேன். ரெய்ண்டீர் (பனிமான்) தோலில் காணும் துளைகளுக்கும் இந்த ஈயே காரணமா?

பதில்: இல்லை, இதன் உறவினமான ஹைப்போடெர்மா தராண்டி என்ற ஈதான் காரணம். அதன் புழு உடலின் ஆழத்துக்குச் செல்லாமல் தோலடியிலேயே முதுகை அடைகிறது. ஈயின் தொல்லையால் மந்தைகள் மேய்ச்சலை விட்டுப் பனித்திட்டுகளில் ஒதுங்குகின்றன. அரிதாக மனிதரின் தலைமுடியிலும் முட்டையிடும். அப்புழு கண்ணுக்குள் புகுந்தால் பார்வையே பறிபோகலாம் என்பதால், கோடையில் குழந்தைகளுக்குத் தொப்பி அணிவியுங்கள்.

கேள்வி: ஒரு நாட்டிலிருந்தே இதை ஒழிக்க முடியுமா?

பதில்: மாடுகளில் முடியும். 1978இல் பிரிட்டன் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் வெற்றி பெற்றது. ஆண்டுக்கு ஒரே தலைமுறை, வளர்ப்பு மாடுகளே முதன்மை ஓம்புயிரி (புழு வளர இடம் தரும் விலங்கு) என்பதால், எல்லா மந்தைகளுக்கும் ஒரே பருவத்தில் மருந்திட்டால் ஈயின் தலைமுறைத் தொடர் அறுந்துவிடுகிறது. ஐரோப்பியக் காட்டு மான்களுக்கோ ஹைப்போடெர்மா டயானா என்ற தனி இனம் உண்டு. காட்டிலுள்ள ஒவ்வொரு மானுக்கும் ஊசி போட இயலாது. நல்ல வேளையாக, அது மாடுகளில் பொதுவாக முழு வளர்ச்சி அடைவதில்லை.