முடிவு உங்களை மிகவும் ஏமாற்றிய மர்மத் தொடர் எது, ஏன்?

லாஸ்ட். யோசிக்கவே வேண்டியதில்லை. முடிவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், அதனால் இனிமேல் பார்க்கப் போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் விமானம் ஒரு தீவில் விழுகிறது. பிழைத்தவர்களுக்கு அது என்ன தீவு என்றே பிடிபடவில்லை. 2004 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் ஆரம்பித்து, ஆறு சீசன் ஓடி, 2010 மே 23-ல் முடிந்தது. பவானியில் எங்கள் வீட்டுக்கு அது வந்தது அதற்கப்புறம், மச்சான் கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த ஹார்டு டிஸ்கில். கரண்ட் நினைத்தபோது போய், நினைத்தபோது வந்த வருசங்கள் அவை. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிற வரை பார்ப்போம். அணைந்ததும் திண்ணையில் உட்கார்ந்து அடுத்து என்ன நடக்கும் என்று பேசுவோம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான்தான் கதை சொல்லுவேன். ஆனால் கேள்வி கேட்பதில் அம்மாவை மிஞ்ச முடியாது.

4, 8, 15, 16, 23, 42 என்று ஆறு எண்கள் தொடர் முழுக்க வரும். ஒருவன் அதை வைத்து லாட்டரியில் ஜெயிப்பான், பூமிக்கடியில் இருக்கும் அறையின் கதவில் அதே எண்கள் பொறித்திருக்கும், 108 நிமிசத்துக்கு ஒருமுறை அதையே கம்ப்யூட்டரில் அடித்தாக வேண்டும். கூட்டிப் பார்த்தால் 108. கார்த்திகை சோமவாரத்தில் 108 சங்காபிஷேகம் பார்த்தே பழகியவர் அம்மா. "அப்படீன்னா இதுல என்னமோ இருக்குது சாமி" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி சீசனில், தீவைக் காக்க ஆள் தேடிய ஒருவர் ஆளுக்கொரு எண் போட்டு எழுதி வைத்திருந்தார் என்று காட்டினார்கள். சரி, அந்த எண்ணுக்கு ஏன் லாட்டரி விழுந்தது? கதவிலும் ஏன் அதே எண்கள்? தொடரில் கடைசிவரை பதில் இல்லை.

வால்ட் என்ற சிறுவனையும் இப்படித்தான் விட்டார்கள். அவனுக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று முதல் சீசன் முழுக்கச் சொல்லி, தீவிலிருக்கும் இன்னொரு கூட்டம் அவனைக் கடத்திப் போகிற அளவுக்கு முக்கியமானவன் ஆக்கி, பிறகு கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். கடைசிக் காட்சியில் நாயகன் ஜாக் மூங்கில் காட்டில் விழுந்து கிடக்க, வால்ட்டின் நாய் வந்து பக்கத்தில் படுக்கும். முதல் காட்சியில் திறந்த ஜாக்கின் கண் அங்கே மூடும். அருமையான காட்சி, அதில் எனக்குக் குறையே இல்லை. அம்மா மட்டும், "நாய் வந்துருச்சு, பையன் எங்க சாமி?" என்றார். நான் என்ன சொல்ல?

"எல்லாரும் முதலிலேயே செத்துப்போயிட்டாங்க" என்று பலர் திட்டுகிறார்கள். அது தப்பு. தீவில் நடந்ததெல்லாம் நிஜம் என்று ஜாக்கின் அப்பா வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்கள். விமானமே விழாதது போல ஆறாவது சீசனில் வரும் இன்னொரு வாழ்க்கைதான் சாவுக்குப் பின்னால் உள்ளது. அதன் முடிவில் எல்லாரும் ஒரு சர்ச்சில் ஒன்றுசேர்கிறார்கள். என் கோபம் அங்கேதான். ஐந்து சீசன் கேட்ட கேள்விகள் அப்படியே கிடக்க, அதுவரை யாருமே கேட்காத ஒரு கேள்வியைக் கடைசி சீசனில் புதிதாகப் போட்டு, அதற்குப் பதில் சொல்லிவிட்டு முடித்துக்கொண்டார்கள்.

செத்தவர்கள் திரும்ப ஒன்றுசேர்வது நமக்குப் புதிதல்ல. எங்கள் கொங்கு நாட்டு அண்ணமார் கதையில் படுகளத்தில் மாண்ட பொன்னரையும் சங்கரையும் தங்கை எழுப்புகிறாள், அவர்கள் அவளோடு பேசிவிட்டுத் திரும்பப் போய்விடுகிறார்கள். முடிவு தெரிந்தேதான் சனம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து உடுக்கையடிப் பாட்டு கேட்கிறது, அந்த இடம் வந்ததும் அழுகிறது. ஏனென்றால் அண்ணன் தங்கைப் பாசம் ஆரம்பத்திலிருந்தே அந்தக் கதையில் ஓடுகிறது, எழுப்புகிற இடம் அதிலிருந்தே பிறக்கிறது. லாஸ்ட்டில் அந்தச் சர்ச்சில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளும்போது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் தீவின் கதை அங்கே வந்து சேரவில்லையே.

அவசரமாக முடித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2010-ல் முடிக்கப்போகிறோம் என்று 2007-லேயே அறிவித்துவிட்டார்கள். மூன்று வருசம் கையில் இருந்தது. அதைவிட மோசம், வால்ட் என்ன ஆனான் என்பதையும் இன்னும் சில பதில்களையும் ஒரு குட்டிப் படமாக எடுத்து, பிறகு விற்ற டிவிடியில் சேர்த்தார்கள். ஆறு வருசம் டிவி முன்னால் காத்திருந்தவனுக்குச் சேர வேண்டியது அது.

அப்புறம் பார்க்கலாமா வேண்டாமா என்றால், பாருங்கள். நாலாவது சீசனில் 'தி கான்ஸ்டன்ட்' என்று ஐந்தாவது எபிசோடு ஒன்று இருக்கிறது. டெஸ்மண்ட் என்ற பாத்திரத்தின் நினைவு 1996-க்கும் 2004-க்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கும். எட்டு வருசம் கழித்துக் கூப்பிடுவேன், நம்பரை மாற்றாதே என்று காதலியிடம் கேட்டுக்கொள்வான். அவள் எடுப்பாளா? அந்த ஒரே எபிசோடுக்குள் பதில் வந்துவிடும். முதல் மூன்று சீசனையும் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள், நேராகப் போனால் ஒன்றும் புரியாது.