லூயி ஆம்ஸ்ட்ராங் புக்ல அந்தத் துப்பாக்கி பக்கத்தை தாண்டிடலாமா?

நியூயார்க் குயின்ஸ்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க, பொண்ணுக்கு ஆறு வயசு, ஸ்கூல்ல குடுத்த, ட்ரம்பெட் வாசிச்ச அமெரிக்க ஜாஸ் மேதை ஆம்ஸ்ட்ராங் பத்தின படப்புத்தகத்துல அவர் சின்னப் பையனா துப்பாக்கி சுட்டு போலீஸ்ல மாட்டறது வருது, அந்தப் பக்கத்தை சத்தமில்லாம திருப்பிடவான்னு.

திருப்பாதீங்கம்மா. அடுத்த பக்கத்துல அவன் ஏன் வீட்டுல இல்லன்னு அவளே கேப்பா. 1912 டிசம்பர் 31, நியூ ஆர்லியன்ஸ்ல புது வருஷ கொண்டாட்டம், 11 வயசுப் பையன் வீட்டுத் துப்பாக்கியை எடுத்துட்டுப் போய் தெருவுல சுட்டான், போலீஸ் பிடிச்சு கருப்பினப் பசங்களுக்குன்னு இருந்த சீர்திருத்தப் பள்ளியில போட்டாங்க. சுட்டது தப்புதான், அதுக்கு அம்மாகிட்ட இருந்து பிரிக்கணுமான்னு கேளுங்க, ஆறு வயசுக்கு நியாயம் அநியாயம் எல்லாம் நல்லாவே தெரியும்.

என் கவலை வேற. அங்க போனதாலதான் மியூசிக்கே வந்துச்சுங்கற மாதிரி நிறைய புக் முடிச்சு போடுது. பீட்டர் டேவிஸ்னு அங்க இருந்த வாத்தியார் கார்னெட், அதாவது ட்ரம்பெட் மாதிரியே ஒரு ஊதுகருவி, சொல்லிக்குடுத்தது உண்மை. ஆனா அதுக்கு முன்னாடியே கர்னாஃப்ஸ்கின்னு ஒரு யூதக் குடும்பத்தோட பழைய சாமான் வண்டியில தகர ஊதல் ஊதிட்டே போயிருக்கார், அடகுக்கடை கார்னெட் வாங்க அவங்க காசு குடுத்து உதவினதையும் அவரே எழுதி வச்சிருக்கார். இதை நீங்க வாயால சேர்த்து சொல்லுங்க.

அப்புறம் ஆன்லைன்ல 'ஜாஸ் மேதைகள் செட்'டுன்னு விக்கறாங்களே, தயவுசெஞ்சு வேணாம். எழுதினவர் பேர் இருக்காது, படம் கம்ப்யூட்டர் போட்டது. ட்ரம்பெட்டுக்கு மூணு வால்வுதான், அட்டையில எண்ணிப் பாருங்க, அஞ்சு இருந்தா மூடிடுங்க. இதையே கமிஷனுக்கு ஸ்கூல்ல தள்ளிவிடற ஏஜென்ட்டுங்களும் இருக்காங்க.

பிறந்தநாளையும் பாருங்க. 1901 ஆகஸ்ட் 4தான் சரி, 1900 ஜூலை 4ன்னு போட்டா வாங்காதீங்க. ஒண்ணு மட்டும், அவரே சாகற வரைக்கும் ஜூலை 4ன்னுதான் சொல்லிட்டிருந்தார், ஞானஸ்நானப் பதிவு 1980கள்லதான் கிடைச்சது, அதனால அதுக்கு முன்னாடி வந்த பழைய புக்கை குத்தம் சொல்ல முடியாது, புது புக்கா இருந்தாலும் 'அவர் அப்படி நம்பினார்'னு எழுதியிருந்தா சரிதான், கடைசிப் பக்கக் குறிப்புல திருத்தியிருந்தாலும் சரி, எதுவுமே சொல்லாம தேதியை மட்டும் போட்டிருந்தாதான் பிரச்சனை.

ஸ்கூல்காரங்களுக்கு பிப்ரவரி, அதாவது அமெரிக்கால கருப்பின வரலாற்று மாசம், வந்தாதான் இவரை மாதிரி ஆளுங்க ஞாபகமே வரும், கலர் அடிக்க ஒரு ஷீட், மார்ச்ல எல்லாம் பீரோவுக்குள்ள. ஒரு பாட்டு கூட போட மாட்டாங்க! நீங்க புக்கைத் திறக்கறதுக்கு முன்னாடி 1928ல அவர் பதிவு பண்ணின 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' போடுங்க, ஆரம்பத்துல ட்ரம்பெட் மட்டும் தனியா வரும், அதுவரைக்கும் பேசாதீங்க. குயின்ஸ்லயேதானே இருக்கீங்க, கொரோனா ஏரியாவுல 1943ல இருந்து 1971 வரைக்கும் அவர் இருந்த வீடு இப்ப மியூசியம், நேரம் மட்டும் பார்த்துட்டு கூட்டிட்டுப் போங்க.