அட்டை ஊரில், பிழைப்பு திருப்பூரில்: ரேஷனைப் பிரிக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். இரண்டு பிள்ளைகள். ரேஷன் அட்டை ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமத்தில், மாமியார் பெயரில் இருக்கிறது. எங்கள் நான்கு பேர் பெயரும் அதில்தான். இங்கே வாடகை, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஏறிவிட்டது. அட்டையை இங்கே மாற்றிவிடலாமா? மாற்றினால் மாமியார் என்ன செய்வார்?

பதில்: மாற்ற வேண்டாம். பிரித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு அட்டையை வைத்து மாநிலத்தின் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் திருப்பூரில் அரிசி வாங்கிய மாதம் ஊரில் மாமியாருக்கு அரிசி கிடையாது. ஒரு அட்டைக்கு ஒரு மாதத்தில் ஒரு பங்குதான். தனியாக இருக்கும் வயதானவரின் சோற்றில் கைவைக்கிற அந்த வழி உங்களுக்கு வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். முன்னுரிமையற்ற அரிசி அட்டையில் (அட்டையில் NPHH என்று இருக்கும்) எத்தனை பேர் இருந்தாலும் மாதம் 20 கிலோதான் உச்சம். ஒருவர் மட்டும் உள்ள அட்டைக்கு 12 கிலோ. உங்களுடையது அந்த வகை என்றால், இப்போது ஐந்து பேருக்கும் சேர்த்து 20 கிலோ. பிரித்தால் மாமியாருக்கு 12, உங்களுக்குத் தனியாக 20 வரை. அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். பருப்பிலும் எண்ணெயிலும்கூட மிச்சம் இருக்கிறது. ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் அட்டைக்கு ஒன்று என்ற கணக்கில் கிடைப்பவை. அட்டை இரண்டானால் அவையும் இரண்டு.

இது ஏமாற்று வேலையோ என்று தயங்காதீர்கள். ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு அட்டையைப் பிரிப்பதுதான் தவறு. நீங்கள் உண்மையிலேயே வேறு ஊரில், வேறு அடுப்பில் சமைக்கிறீர்கள். வீட்டுக்கு விசாரணைக்கு வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை.

செய்யும் வரிசைதான் முக்கியம். ஒரு ஆதார் ஒரு அட்டையில்தான் இருக்க முடியும். அதனால் முதலில் மாமியார் அட்டையிலிருந்து உங்கள் நால்வரின் பெயரை நீக்க வேண்டும். இ-சேவை மையத்திலோ பொது விநியோகத் திட்ட இணையதளத்திலோ விண்ணப்பிக்கலாம். அந்த மாதப் பொருள் வாங்கி முடித்த பிறகு போடுங்கள், இடையில் கை காலியாக இருக்கும் நாள் குறையும். மாமியார் அட்டையை ரத்து செய்துவிடாதீர்கள், பெயர் நீக்கம் மட்டும் போதும். மகளிர் உரிமைத் தொகையும் ரேஷன் அட்டையை வைத்தே தரப்படுகிறது, அது அவருக்கு வந்துகொண்டிருந்தால் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

அப்புறம் திருப்பூர் முகவரியில் புது அட்டைக்கு விண்ணப்பம். பலர் இங்கேதான் முட்டி நிற்கிறார்கள், வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார். அது இல்லாமலும் நடக்கும். கேஸ் இணைப்பு உங்கள் பெயரில் இந்த முகவரியில் இருந்தால் அந்த ரசீது போதும். வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இந்த முகவரி இருந்தாலும் சரி. விண்ணப்பத்தில் அட்டை வகை கேட்கும் இடத்தில் அரிசி அட்டை என்றே குறியுங்கள். அவசரத்தில் சர்க்கரை அட்டையைக் குறித்துவிட்டு, பிறகு மாற்ற அலைபவர்கள் நிறைய. செல்பேசி எண்ணாக உங்களுடையதைக் கொடுங்கள். கணவர் எண் மாமியார் அட்டையில் இருந்தால் அப்படியே இருக்கட்டும், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மாமியாருக்கு இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். அவர் ஆதரவற்ற நிலையில் இருக்கும் விதவை என்றால் மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டைக்கு மனு கொடுக்கலாம், அதில் மாதம் 35 கிலோ அரிசி. கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன், முடிவு வட்ட வழங்கல் அலுவலர் கையில். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமுக்கு அவரையே நேரில் கூட்டிப் போங்கள். காகிதத்தை மட்டும் அனுப்புவதைவிட அது பலன் தரும்.

வயதானவர்களுக்குக் கைரேகை தேய்ந்து கருவியில் விழாமல் போகும். கருவிழி பதிவு வசதியுள்ள கடையில் அதைக் கேட்கச் சொல்லுங்கள். நடக்க முடியாத நிலை வந்தால், வேறொருவர் வாங்கி வர அங்கீகாரப் படிவம் இருக்கிறது.

கணவர் எண் மாமியார் அட்டையில் இருக்க வேண்டும் என்றேனே, பில் போட்டதும் குறுஞ்செய்தி அவருக்கு வரும். அதில் பருப்பு என்று இருந்தால் அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்து, பருப்பு கைக்கு வந்ததா என்று கேட்கட்டும். வரவில்லை என்றால் 1967 அல்லது 1800 425 5901 எண்ணில் புகார் சொல்லுங்கள்.