ஊரணியா, ஊருணியா? இந்தச் சொல் எப்படி வந்தது?

கேட்டிருப்பது இதுதான்: “எங்கள் ஊரில் சின்னக் குளத்தை ஊரணி என்கிறோம். ஊருக்கு அணிகலன் போல இருப்பதால் ஊர் + அணி என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். திருக்குறளில் ஊருணி என்று வருகிறதே, எது சரி?”

ஊருணிதான் மூலம். ஊர் + உண் + இ. ஊரார் உண்ணும் நீர் கிடக்கிற இடம். நான் சிவகங்கைச் சீமைக்காரன், என் வாயிலும் ஊரணி என்றுதான் வரும். அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன், பேச்சில் தேய்ந்த வடிவம். ஆனால் அந்தத் தேய்ந்த வடிவத்தைப் பிரித்துப் பொருள் தேடினால் ‘அணி’யில் போய் முட்டிக்கொள்வோம். உங்கள் ஆசிரியருக்கு நடந்தது அதுதான். சித்திரை மாதம் எங்கள் ஊரணியைப் பார்த்தவர் யாரும் அதை நகையோடு ஒப்பிட மாட்டார்கள்.

தண்ணீரைக் குடிக்கத்தானே செய்வோம், உண்போமா என்று தோன்றலாம். பழைய தமிழில் உண்டார்கள். கள் குடிக்கக் கூடாது என்று சொல்லும் குறள் அதிகாரத்தின் பெயரே கள்ளுண்ணாமை. கலித்தொகையில் ஒரு குறும்புக்காரன் தாகம் என்று சாக்குச் சொல்லி வீட்டு வாசலில் வந்து நிற்பான். ‘உண்ணுநீர் வேட்டேன்’ என்பான். இன்றைக்கும் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து “காபி சாப்பிடுறீங்களா?” என்று கேட்கிறோமே, அதே புத்திதான். உண் போய்ச் சாப்பிடு வந்திருக்கிறது, அவ்வளவே.

குறளை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 215வது, ஒப்புரவறிதல் அதிகாரம்:

ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம்
பேரறி வாளன் திரு.

பரிமேலழகரும் ஊரில் வாழ்பவர் தண்ணீர் உண்ணும் குளம் என்றுதான் உரை எழுதுகிறார். அணிக்கு அங்கே வேலையே இல்லை.

எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி குறுந்தொகையில் இருக்கிறது. 399வது பாட்டு, பரணர் பாடியது. அங்கே இந்தச் சொல் இன்னும் ஒட்டாமல், உதிரி உதிரியாகக் கிடக்கிறது: ‘ஊருண் கேணி உண்துறைத் தொக்க பாசி’. ஊர் உண்கிற கேணி, அதில் நீர் உண்ணும் துறை, அந்தத் துறையில் திரண்டு கிடக்கும் பாசி. தலைவி தன் பசலையை, அதாவது காதலனைப் பிரிந்த ஏக்கத்தில் மேனியில் படரும் வெளிறலைச் சொல்கிறாள். அவன் தொடத் தொட விலகுகிறது, விட விடப் பரவுகிறது, பாசி மாதிரி. ஊரணியில் குடத்தை முக்கி எடுத்தவர்களுக்கு இதற்கு உரையே வேண்டாம். குடத்தின் அடியால் பாசியை இப்படியும் அப்படியும் தள்ளி, ஒரு வட்டம் தெளிந்ததும் சட்டென்று முக்க வேண்டும். குடத்தை இடுப்பில் ஏற்றித் திரும்புவதற்குள் வட்டம் மூடிவிடும்.

கடைசியில் நிற்கும் ‘இ’ கொஞ்சம் விளையாட்டுக் காட்டும். மண்ணை வெட்டுவது மண்வெட்டி. அந்தக் கணக்கில் ஊருணி என்றால் ஊரைத் தின்பது என்றாகிவிடும்! இங்கே அது உண்பதைக் குறிக்கவில்லை, உண்ணப்படுவதைக் குறிக்கிறது.

மற்ற நீர்நிலைப் பெயர்களோடு வைத்துப் பார்த்தால்தான் இந்தச் சொல்லின் அருமை தெரியும். குட்டை அளவால் வந்த பெயர். தாங்கலும் ஏந்தலும் நிலம் நீரைத் தாங்கி ஏந்துவதால் வந்தவை, வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அந்த வகை. (கண்மாய்க்குத் தனிக் கேள்வி போடுங்கள், அது பெரிய வழக்கு.) ஊருணி மட்டும்தான் குடிக்கிற வாயை வைத்துப் பெயர் வாங்கியது. கட்டுமானமும் அதற்கேற்றபடிதான். கண்மாய் பாசனத்துக்கு, அதனால் மடை இருக்கும். ஊரணிக்கு மழைநீர் வர வரத்துக்கால் உண்டு, வயலுக்குத் திறந்துவிட மடை கிடையாது. வந்த தண்ணீர் குடத்தில்தான் வெளியேற வேண்டும்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் பல ஊர்களில் கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும். அங்கே மழைத்தண்ணீர்தான் குடிநீர். எங்கள் ஊரில் குடிக்கிற ஊரணி வேறு, குளிக்கிற ஊரணி வேறு. குடிக்கிற ஊரணியில் மாட்டை இறக்கினால் வீட்டு வாசலுக்கு ஆள் வந்துவிடும். அந்தத் தண்ணீர் பார்வைக்கு மோர் போலக் கலங்கித்தான் இருக்கும். அப்பத்தா மண்பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை உரசு உரசென்று உரசி, அதில் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார். நான் அவசரப்பட்டுக் கையை விட்டால், “தெளியட்டும்டா, அதுக்குள்ள என்ன பேய்த் தாகம்?” என்பார். விடிந்தால் கலங்கல் எல்லாம் அடியில் படிந்திருக்கும், மேலே தண்ணீர் பளிச்சென்று நிற்கும். கொஞ்சம் மண்வாசம் வரும். அந்த ருசி கேன் தண்ணீரில் இல்லை என்று சொல்லப்போவதில்லை. நான் இப்போது குடிப்பது கேன் தண்ணீர்தான்.

சொல்லின் முதல் பாதியையும் பேசாமல் விட முடியாது. ஊர் உண்பது சரி, யார் ஊர்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி. ஊர் என்றால் எல்லோரும் என்று நாம் இன்று படிக்கிறோம், பல ஊரணிக் கரைகள் அப்படிப் படிக்கவில்லை. எங்கள் ஊரணியில் மூன்று படித்துறை இருந்தும், காலனிப் பெண்கள் வெகுகாலம் கரையில் குடத்தோடு காத்து நின்று, யாராவது ஊற்றினால் வாங்கிப்போனார்கள். இதைப் பெருமையாகச் சொன்ன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறளைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் பாதிப் பதில்தான்.

இப்போது குழாயில் தண்ணீர் வருகிறது. எங்கள் ஊரணியை யாரும் உண்பதில்லை, வாத்துகள் நீந்துகின்றன. பெயர் மட்டும் ஊர்ப் பெயரிலும் தெருப் பெயரிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. மதுரை பக்கம் செக்கானூரணி, அருப்புக்கோட்டை பக்கம் கல்லூரணி, ராமநாதபுரம் நகருக்குள் முகவை ஊரணி. எல்லாம் ‘அணி’யில் முடிபவைதான், அதை மாற்ற வேண்டியதும் இல்லை.

ஆகவே கட்டுரையில் ஊருணி என்று எழுதுங்கள், மதிப்பெண் குறையாது. பஸ்ஸில் ஏறிச் “செக்கானூருணிக்கு ஒரு டிக்கெட்” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கண்டக்டர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.